வாசலில் கல் பாவுமுன்

சரக்குப் பார்த்து எடுப்பது எப்படி என்று வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகாயை ஒடித்துப் பார்க்கிறோம். புளியில் ஈரம் உண்டா என்று அழுத்திப் பார்க்கிறோம். ஆனால் கடை முகப்புக்கோ வீட்டு முற்றத்துக்கோ கல் பாவும்போது மட்டும், "சதுர அடி என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். மேலே தெரியும் கல்லை விட அதற்கு அடியில் இருப்பதும், அதன்மேல் விழும் மழைநீர் போகும் வழியும்தான் அந்தத் தரையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

ஆழ்வார்பேட்டையில் முன்பக்கம் கடை, பின்பக்கமோ மாடியோ வீடு என்று இருக்கும் உறுப்பினர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். மற்றப் பகுதியினருக்கும் இது பயன்படும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. 300 சதுர அடி வாசல் என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். அந்தச் சிறிய இடத்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 39,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது.

வாசல் முழுவதையும் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டால் அத்தனையும் தெருவுக்குப் போகும். தெரு நிரம்பினால் கடைக்குள் வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தோம். நடுவில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததையும் பார்த்தோம். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அநேகமாக நாம் மாடி நீரைக் குழாய் வழியே குழிக்கு விட்டதோடு நின்றுவிட்டோம். வாசல் நீரை மறந்துவிட்டோம்.

கற்களின் குணம்

கடப்பா, கோட்டா, தாண்டூர், ஷாபாத் ஆகிய நான்கும் சுண்ணாம்புக்கல் இனம். விலை கட்டுப்படியாகும்; உழைக்கும். ஆனால் புளிப்பு இவற்றுக்கு ஆகாது. புளி மூட்டையின் கசிவும், நசுங்கிய எலுமிச்சம்பழமும், ஊறுகாய் ஜாடியின் வினிகரும் கல்லை அரித்து வெளுத்த தழும்பை உண்டாக்கும். கறை போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது கல்லையே கரைப்பதாகும். மெருகேற்றிய கடப்பா, மழையில் நனைந்தால் வழுக்கும். சித்திரை வெயிலில் கருப்புக்கல் காலைச் சுடும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து வரும் கிரானைட் புளிப்புக்கு அஞ்சாது, பாரத்தையும் தாங்கும். ஆனால் வாசலுக்குப் பளபளப்பான கிரானைட் கூடவே கூடாது. தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லையே கேட்டு வாங்க வேண்டும். வயதான வாடிக்கையாளர் ஒருவர் நம் படியில் வழுக்கி விழுந்தால், கல்லில் மிச்சம் பிடித்த பணம் அவர் இடுப்பெலும்புக்கு ஈடாகாது.

ஆத்தங்குடிக் கல்லின் அழகு வீட்டுக்குள்ளேதான். வெயிலும் மழையும் படும் இடத்தில் அதன் நிறம் நிற்காது. செக்கர்டு டைல்ஸ் வழுக்காது. ஆனால் அதன் பள்ளங்களில் மாவும் மண்ணும் அடையும், அன்றாடம் பெருக்க வேண்டும்.

பேவர் பிளாக் என்னும் சிமெண்ட் கட்டிகளுக்கு ஒரு தனி நன்மை உண்டு. குழாய் பழுதானால் கட்டிகளை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அவற்றையே திரும்பப் பதிக்கலாம். இடுக்குகள் வழியே மழைநீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். ஆனால் அடியில் கான்கிரீட் போட்டு அதன்மேல் பதித்தால் இந்தப் பயன் போய்விடும். எண்ணெய்க் கசிவும் கல்லுப்பு மூட்டையின் நீரும் நாளடைவில் சிமெண்டை அரிக்கும் என்பதையும் மறக்கலாகாது. அவற்றுக்குப் பலகை போட்டு, உள்ளே வைப்பதே முறை.

தராசு நம்மிடமே இருக்கிறது

பேவர் பிளாக்குக்கு 2006-இல் வெளியான இந்தியத் தரம் ஐ.எஸ். 15658. ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனமும் எம்-30 தரமும், கார் நிற்கும் இடத்துக்கும் கடைவாசலுக்கும் 60 மில்லிமீட்டரும் எம்-35 தரமும், நடுத்தர வண்டிப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரும் எம்-40 தரமும் என்று அது வகுத்தது. கட்டி உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக எடையில் 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது.

இதை நாமே ஓரளவு சோதிக்கலாம். நன்கு காய்ந்த கட்டியைக் கடைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். 3 கிலோ கட்டி 180 கிராமுக்கு மேல் ஏறினால் அந்தச் சரக்கு வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் அடுப்பில் உலர்த்தி எடுக்கும் கணக்கு இதைவிடக் கண்டிப்பானது; ஆகவே நம் சோதனையில் தோற்ற கட்டி அங்கே நிச்சயம் தோற்கும். மூன்று கட்டிகளையாவது நிறுத்துப் பார்ப்பது நல்லது. வார்த்த தேதியையும் கேளுங்கள். 28 நாள் ஆகாத கட்டி முழு பலத்துக்கு வந்திருக்காது.

சுண்ணாம்புக்கல்லா என்று ஐயம் வந்தால், துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மெருகு போயிருந்தால் அது புளிப்பு தாங்காத கல்.

அடித்தளமும் வாட்டமும்

விலை குறைத்துப் பேசும் ஒப்பந்தக்காரர் கைவைக்கும் இடம் அடித்தளம்தான். மேல்மண்ணை எடுத்து, ஜல்லியும் கிராவலும் பரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் ஒன்று அல்லது ஒன்றரை அங்குல மணல் விரித்துப் பிறகே கட்டி பதிக்க வேண்டும். ஓரங்களில் கர்ப் கல் நிறுத்தாவிட்டால் கட்டிகள் நகர்ந்து இடுக்கு விரியும். இவற்றை ரசீதிலேயே தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

வாட்டம் அடிக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இருக்கட்டும். சுவரிலிருந்து 12 அடி நீண்ட வாசலுக்கு மொத்தம் 3 அங்குலச் சரிவு. வாட்டம் கடையை விட்டு விலகியே போக வேண்டும். வேலை முடிந்ததும் பணம் தருமுன் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

மரமும் நடைபாதையும்

வாசலில் வேம்போ தென்னையோ இருந்தால் அடிமரம் வரை கல் பாவக் கூடாது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை நாமும் விட்டுவைக்கலாம். நம் எல்லையைத் தாண்டி மாநகராட்சி நடைபாதையிலோ மழைநீர் வடிகால் மூடியிலோ கல் பதிப்பது வேண்டாம். அடைத்த வடிகால் முதலில் நம் கடைக்குள்தான் தண்ணீரைத் திருப்பும்.

300 சதுர அடிக்கு ஒரு திட்டம்

வாடிக்கையாளர் நிற்கும் படியோரம் நான்கடிக்குச் சொரசொரப்பான கிரானைட். ஸ்கூட்டரும் லோடு ஆட்டோவும் நிற்கும் இடத்தில் 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக். தாழ்வான ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு வெறும் ஜல்லி. அந்த ஜல்லியின் கீழ் 3 அடி நீள அகலமும் 5 அடி ஆழமும் உள்ள குழி வெட்டி, உடைகல் நிரப்பி, மேலே மணல் பரப்பினால் வாசல் நீர் அதில் இறங்கும். எண்ணெய் பீப்பாய் கழுவிய நீரையும் உப்பு நீரையும் அங்கே விடக் கூடாது. அது நம் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும் தண்ணீர். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பின்னர் அதே நிறம் கிடைப்பது அரிது.

வேலையை மழைக்கு முன்பே, ஆடி ஆவணிக்குள் முடிப்பது உத்தமம். ஐப்பசி மழையில் வாசல் தண்ணீர் கடைக்குள் நுழையாமல் மண்ணுக்குள் இறங்கினால், அதன் பலன் அடுத்த கோடையில் நம் கிணற்றில் தெரியும்.