ஓட்டோ என்னும் வீடு

'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. நாளெல்லாம் உழைத்தவர் வந்து சுமையை விட்டு இளைப்பாறும் இடம் ஆதலின் அது வீடு எனப்பட்டது என்பர். பற்றுகளை விட்ட நிலையையும் தமிழர் வீடு என்றே வழங்கினர். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் நிற்பது அவ்வீடே. தங்கும் இடத்தையும் விட்டு நீங்கும் நிலையையும் ஒரே சொல் குறிப்பது எங்ஙனம் என்று மாணவர் ஐயுறுவது உண்டு. சக்கரங்களின்மேல் வீடு அமைத்து, அதிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவ்வையம் ஓரளவு தெளியும்.

வட அமெரிக்காவில் 'டிரக் கேம்பர்' என்று ஒருவகை வாகன இல்லம் உண்டு. பின்புறம் திறந்த தட்டுடைய பிக்கப் வண்டியின்மேல், பெட்டி போன்ற சிற்றறை ஒன்றை ஏற்றிப் பொருத்துவர். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நீண்டிருக்கும் பகுதி படுக்கை ஆகும். அதற்குப் பின்னே சிறிய அடுப்பும், இருவர் எதிரெதிரே அமர்ந்து உண்ணத்தக்க மேசையும் இருக்கும். அறையின் மூலைகளில் மடக்கிவைத்த தாங்குகால்கள் உள்ளன. அவற்றை ஊன்றி, அறையை அப்படியே நிற்கவிட்டு, வண்டியை மட்டும் அடியிலிருந்து ஓட்டிச் சென்றுவிடலாம். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியொன்றில், தம் நாயைத் துணையாகக் கொண்டு அமெரிக்க நாட்டைச் சுற்றிவந்தார். அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோசினாந்தே. அது டான் குவிக்சோட் என்னும் கதைமாந்தனின் மெலிந்த குதிரையின் பெயர்.

இவ்வில்லத்தில் வாழ்வோர் முதலில் கற்கும் பாடம் எடைக்கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளது. தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால், வளர்ந்த இருவரை ஏற்றியதற்கு ஏறக்குறைய நிகராகச் சுமை கூடிவிடும். நம் நாட்டு நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் வழங்கப்பட வேண்டும் என்பது அரசு வகுத்த அளவு. வண்டியில் வாழும் கணவனும் மனைவியுமோ அதனினும் குறைந்த நீரைப் பல நாள்களுக்கு வைத்துக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவி, உடல் துடைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு நூல் வாங்கினால் பழைய நூல் ஒன்றை யாருக்கேனும் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் நின்று சமைக்கும்போது மற்றவர் படுக்கையில் ஏறி அமர்ந்துகொள்ள வேண்டும். சினந்து கதவைச் சாத்திக்கொள்ள இன்னோர் அறை இல்லை.

முகவரித் தொல்லை வேறு. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, காப்பீடு என எதற்கும் முகவரி வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம், அங்கே ஓரிரவு தங்கியதற்குச் சான்று காட்டும் பயணியருக்கு ஓட்டுநர் உரிமம் வழங்குகிறது. ஆதலின் அம்மாநிலத்தில் நிலையாக வாழாதவர் பலர் ஏட்டளவில் அம்மாநிலத்தார் ஆயினர். முகவரிச் சான்றும் மாற்றுச் சான்றிதழும் தேடி அலுவலகங்களில் காத்திருந்த குடும்பத்தார்க்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இவ்வாழ்வை விரும்பி ஏற்றவர் உளர். வாடகை செலுத்த இயலாமையால் வண்டியையே வீடாக்கிக்கொண்டவரும் உளர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும் இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் தகாது.

விரும்பி ஏற்றவருள், வேறு எவரும் எளிதில் எட்ட இயலாத தொலைவு சென்ற இணையர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ஃப், கிறிஸ்டீன் ஆகிய இருவர்.

குந்தர் 1937ஆம் ஆண்டில் பிறந்தவர். லுஃப்தான்சா விமான நிறுவனத்தில் பணியாற்றி, அயல்நாடுகள் பலவற்றில் வாழ்ந்தவர். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் இருந்த காலத்தில், அந்நகருக்கு நல்ல வரைபடம் இல்லாமையைக் கண்டு, தெருத்தெருவாகச் சென்று தாமே ஒரு வரைபடம் உருவாக்கினார். அது 1977இல் வெளிவந்தது. இத்தகையவர் மேசைப்பணியில் நெடுநாள் நிலைத்திருக்கமாட்டார் அன்றோ? 1988ஆம் ஆண்டில் மெர்சிடீஸ் நிறுவனத்தின் நீலநிற வண்டி ஒன்றை வாங்கினார். ஒன்றரை ஆண்டுக் காலம் ஆப்பிரிக்காவைச் சுற்றிவருதல் என்பதே அவருடைய திட்டம்.

அத்திட்டம் வளர்ந்து 26 ஆண்டுகள் ஆயிற்று.

ஜெர்மானிய இதழொன்றில் வெளிவந்த விளம்பரம் வாயிலாகக் கிறிஸ்டீன் அவருக்கு அறிமுகமானார். 1990ஆம் ஆண்டு முதல் இருவரும் இணைந்து பயணம் செய்தனர். கிறிஸ்டீனின் மகனும் சில பயணங்களில் உடன் சென்றான். வண்டிக்கு 'ஓட்டோ' என்று பெயரிட்டனர். நம் ஊர் ஆட்டோவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை; ஓட்டோ என்பது ஜெர்மானியர் தம் ஆண்மக்களுக்கு இடும் பழம்பெயர்.

ஓட்டோவின்மேல் பெட்டியறை எதுவும் ஏற்றப்படவில்லை. பின்னிருக்கைகளை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் மெத்தை விரித்தனர். உணவுப் பொருள், துணிமணி, கருவிகள் ஆகியன பெட்டிகளில் அடுக்கப்பட்டன. கூரைமேல் பல நூறு உதிரிப் பாகங்கள் கட்டிவைக்கப்பட்டன. குளிரூட்டும் கருவி இல்லை. விடுதியில் அறை எடுப்பதைத் தவிர்த்து வண்டியிலேயே உறங்கினர். உணவகங்களை நாடாமல் தாமே சமைத்தனர். மரநிழல் கிடைத்த இடத்தில் வலையூஞ்சல் கட்டி ஓய்வெடுத்தனர். ஒரு கட்டில் அளவே உள்ள இடத்தில் இருவர் இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்தினர் என்றால், அவர்தம் பொறுமையை எண்ணிப் பாருங்கள்!

வசதியான பெரிய வாகனத்தை வாங்கும் பொருள்வளம் குந்தருக்கு இல்லாமல் இல்லை. சிறிய வண்டியையே வைத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. கண்டம் விட்டுக் கண்டம் செல்ல வண்டியைக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். கப்பலில் சரக்குகள் 'கன்டெய்னர்' எனப்படும் இரும்புப் பெட்டகங்களில் செல்கின்றன. வழக்கமான பெட்டகத்தின் வாயில் ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் உடையது. படுக்கையறை ஏற்றிய வண்டி அதனுள் நுழையாது. ஓட்டோ நுழையும். பெட்டகத்தைப் பூட்டிவிட்டால் திருட்டு அச்சமும் இல்லை, கட்டணமும் குறைவு. கூரையை ஒரு முழம் உயர்த்தியிருந்தால் நிமிர்ந்து நின்று உடை மாற்றியிருக்கலாம்; ஆனால் பல துறைமுகங்கள் அவர்களுக்கு எட்டாமல் போயிருக்கும். வண்டி சிறிதாக இருந்தமையால் உலகம் அகன்றது.

ஓட்டோவின் டீசல் எஞ்சினுக்கு 88 குதிரைத்திறனே உண்டு. குந்தர் அதனை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் கிலோமீட்டர் எனக் கேட்போர், இடையறாது விரைந்து சென்றிருப்பர் என எண்ணுவர். கணக்கிட்டுப் பார்த்தால் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 100 கிலோமீட்டர்கூட வரவில்லை. இடையிடையே தாய்நாடு திரும்பிய காலங்களும் உண்டு. மடகாஸ்கரில் ஒருமுறை ஓட்டோ கவிழ்ந்தது. மீண்டும் நிமிர்த்திச் செப்பனிட்டு ஓட்டினர். பழுதுபார்க்கும் பணிகளுள் பெரும்பாலானவற்றைக் குந்தரே செய்தார். நீண்ட காலம் இப்பயணத்தைப் பற்றி உலகம் அறியாது. புரவலர் எவரையும் அவர்கள் நாடவில்லை. தம் சேமிப்பைக் கொண்டே செலவு செய்தனர். சேமிப்பும், பல நாடுகள் தயங்காது வரவேற்கும் கடவுச்சீட்டும் எல்லார்க்கும் வாய்ப்பன அல்ல என்பதையும் மறத்தல் கூடாது.

கிறிஸ்டீனைப் புற்றுநோய் பற்றியது. நோய் கண்ட பின்னரும் இயன்ற வரையில் பயணம் தொடர்ந்தது. இருபது ஆண்டுகள் வாழ்க்கைத் துணைவராக இருந்த இருவரும் முறைப்படி திருமணம் செய்துகொண்டது 2010ஆம் ஆண்டில்தான். அதன்பின் சில வாரங்களில் கிறிஸ்டீன் மறைந்தார். பயணத்தை நிறுத்திவிட வேண்டா, எஞ்சிய நாடுகளையும் சென்று காணுங்கள் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது.

அப்போது குந்தர் எழுபது வயதைக் கடந்திருந்தார். வண்டி நின்றிருந்தது, மெத்தையும் பெட்டிகளும் இருந்தன. வீட்டில் ஒருவர் மட்டும் இல்லை. நான்கு சுவர் வீடாயின் துணையை இழந்தவர் வேறோர் அறைக்குச் சென்றேனும் மனத்தை ஆற்றிக்கொள்வார். ஓட்டோவில் கை நீட்டினால் எட்டும் பொருள் ஒவ்வொன்றும் கிறிஸ்டீன் எடுத்தும் வைத்தும் புழங்கிய பொருள். குந்தர் அவருடைய ஒளிப்படத்தை ஓட்டுநர் இருக்கையின் முன் உள்ள கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டார். வேறு துணையினர் சில பயணங்களில் உடன் சென்றனர். அயல்நாட்டார் தம் வண்டியில் நுழைவதற்கு அரிதான வட கொரியாவிலும் ஓட்டோ ஓடிற்று.

2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓட்டோ பெர்லின் நகரை அடைந்தது. அதுவரை அது கண்ட நாடுகள் 177. நிலநடுக்கோட்டின் வழியே பூமியை 22 முறை சுற்றிவருதற்கு ஒப்பான தொலைவை அது கடந்திருந்தது. ஒரே வண்டியில் மேற்கொண்ட மிக நீண்ட பயணமாகக் கின்னஸ் சாதனை ஏட்டில் அது இடம்பெற்றது. பின்னர் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடீஸ் அருங்காட்சியகத்தில் ஓட்டோ வைக்கப்பட்டது. குந்தர் 2021ஆம் ஆண்டில், தம் 84ஆம் வயதில் காலமானார்.

சொல்லும் பொருளும்

இணையர் – கணவன் மனைவியர், துணைவர்
புரவலர் – பொருள் தந்து காப்பவர்
கடவுச்சீட்டு – வெளிநாடு செல்ல அரசு வழங்கும் ஆவணம்
பெட்டகம் – பெரிய பெட்டி
எஞ்சிய – மீதமுள்ள

மொழிப்பயிற்சி

'விடு' என்னும் வினையடியின் முதல் எழுத்து நீண்டு 'வீடு' என்று ஆயிற்று. இவ்வாறு வருவது முதனிலை திரிந்த தொழிற்பெயர் எனப்படும். கெடு, சுடு, பெறு, படு ஆகியவற்றை இவ்வாறே மாற்றி எழுதுக. ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைக்க.

வினாக்கள்

1. ஓட்டோவின்மேல் படுக்கையறை அமைக்காமைக்குக் காரணம் யாது?

2. விரும்பி வண்டியில் வாழ்வதற்கும் வேறு வழியின்றி வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.

3. கிறிஸ்டீன் மறைந்த பின்னர் குந்தர் பயணத்தைத் தொடர்ந்தது சரியா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

4. உம் குடும்பம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தபோது கொண்டுவந்த பொருள் ஒன்றையும், விட்டுவந்த பொருள் ஒன்றையும் பற்றிப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.