தொடை எலும்பு முறிந்தால் பயம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்



மழைக்காலம் வந்தால் நம்ம முடிச்சூரில் வாசல், குளியலறை எல்லாம் ஈரம்தான். 2015 வெள்ளத்தை மறக்க முடியுமா? ஈரத் தரையில் அம்மாவோ மாமியாரோ வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியவில்லையா? ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலு குறைவதால் லேசாக விழுந்தாலே முறியும். நடக்க வைத்துப் பார்க்காதீங்க. 108-ஐ அழையுங்கள்.

"இந்த வயசுல ஆபரேஷனா? படுத்தே கிடக்கட்டும்" என்பார்கள். படுத்துக் கிடப்பதுதான் பெரிய ஆபத்து. படுக்கைப்புண், நுரையீரலில் சளி, சிறுநீர்த் தொற்று, ரத்தக்கட்டி எல்லாம் வரும். பெரிய தசைகள் எலும்பை இழுத்துக்கொண்டே இருப்பதால், வெளியில் போடும் கட்டு இதைப் பிடித்து நிற்காது.

என்ன ஆபரேஷன்?

எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் பந்து போன்ற தலைப்பகுதிக்கு ரத்தம் போவது தடைப்படும். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கைப் பந்து பொருத்துவார்கள். அதற்குக் கீழே முறிந்தால் கம்பி அல்லது பிளேட், ஸ்குரூ வைப்பார்கள். உடல்நிலை இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் செய்வது நல்லது.

தெலங்கானா முன்னாள் முதல்வர் கே. சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில் தன் 69-வது வயதில் வீட்டில் விழுந்தார். மறுநாளே ஐதராபாத்தில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அதற்கடுத்த நாள் வாக்கர் பிடித்து நடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை

1. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவவே கூடாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் 108.

2. காய்ச்சல், தையலில் சீழ், சிவப்பு இருந்தால் கிருமித் தொற்று. பத்து போடாதீங்க.

3. திடீர் வலியோடு கால் குட்டையானால் பந்து நழுவியோ ஸ்குரூ விலகியோ இருக்கலாம். டாக்டர் சொல்லும்வரை சம்மணம், குத்துக்கால் வேண்டாம். கழிவறைக்கு உயர நாற்காலி வையுங்கள்.

4. ஸ்குரூ போட்ட கழுத்து முறிவில், மாதங்கள் கழித்தும் தலைப்பகுதி பட்டுப்போகலாம். வலி போனாலும் மறு பரிசோதனைக்குப் போங்க.

5. ஆபரேஷனுக்குப் பின் சில நாள் உளறினால் "பைத்தியம்" என்று பயப்படாதீங்க, டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். எலும்பு வலுவுக்கு மருந்து கேளுங்கள்.

செலவு?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் முடநீக்கியல் பிரிவு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விழுந்த பிறகு அட்டைக்கு அலைய வேண்டாம், இப்போதே எடுத்து வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் எத்தனை வீட்டில் காப்பீட்டு அட்டை இல்லை? எந்தெந்த வீட்டுக் குளியலறையில் பிடிமானக் கம்பி இல்லை?