சாளக்கிராம யாத்திரைக்கு உடலைப் பழக்குதல்

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் ஒரு பதிகத்தால் மங்களாசாஸனம் செய்தருளிய சாளக்கிராமம் என்னும் திவ்யதேசத்தை, நேபாள நாட்டின் முஸ்தாங் மாவட்டத்தில் உள்ள முக்திநாத்தில் ஸேவிப்பது நம்மவர் வழக்கம். போக்ரா நகரிலிருந்து அங்கே இப்பொழுது மோட்டார் வண்டிகள் செல்கின்றன. ஆயினும் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி, மனாங் பள்ளத்தாக்கு வழியாகத் தோரோங் கணவாயைக் கால்நடையாகக் கடந்து எம்பெருமான் ஸந்நிதியை அடைய வேண்டும் என்ற ஆவல் சில அன்பர்களுக்கு உண்டு. பக்தி இருந்தால் கால்கள் தாமே நடக்கும் என்பாரும் உளர். பக்தியைப் பற்றி அடியேன் உரைக்க வேண்டுவது ஒன்றுமில்லை. கால்களையும் மூச்சையும் பற்றியே இங்கு எழுதப்படுகிறது.

கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. முக்திநாத் கோயிலோ சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே கணவாயைக் கடக்கும் அந்த ஒரே நாளில் 1,700 மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். யாத்திரைக்கு ஆயத்தம் செய்வோர் பெரும்பாலும் ஏறுவதற்கே பழகுகின்றனர். இறங்குவதற்குப் பழகுவோர் மிகச் சிலர். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலையும் தொடைத் தசையையும் சோதிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை அவ்விதம் உழைத்தால் மறுநாள் படுக்கையை விட்டு எழுவதும் அரிதாகும்.

இப்பயிற்சிக்கு வேற்றிடம் தேட வேண்டியதில்லை. திருக்கடிகை என்னும் சோளிங்கரில் யோக நரஸிம்மன் எழுந்தருளியிருக்கும் பெரிய மலைக்கு 1,305 படிகள். ரோப் கார் வந்துவிட்டதே என்று அதில் ஏறிவிடாமல், காலையில் ஒருமுறை படியேறி இறங்கலாம். சில வாரங்கள் சென்றபின் அதே நாளில் இருமுறை செய்யலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் ஏறக்குறைய 3,550 படிகளும் மிக நல்ல பயிற்சியே. ஆனால் ஏறியவர் திரும்புகையில் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் பாதிப் பயிற்சி வீணாயிற்று என்று கொள்க.

புறப்படுவதற்குக் குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குதல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களும், இருதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்களும் முதலில் வைத்தியரிடம் சென்று உயரத்தைச் சொல்லி அனுமதி பெறுக. முதல் மாதம் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடந்தால் போதும். பின்னர் வாரம் ஒருநாள் நெடுநடை. அதை மெல்ல மெல்ல ஆறு மணி நேரம்வரை கொண்டுசெல்லலாம். மூன்றாம் மாதத்திலிருந்து முதுகுப் பையில் சுமை ஏற்றுக. கடைசி மாதத்தில் ஒருமுறையேனும் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து நெடுநடை நடந்து பார்த்தல் அவசியம். களைத்த காலோடு மறுநாளும் நடப்பதே யாத்திரை. இறுதிப் பத்து நாட்களில் நடையைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

திருமலைப் படிகளில் வெறுங்காலுடன் ஏறுவது நம் வழக்கம். தோரோங்கில் அது ஆகாது. கணுக்காலைப் பற்றும் பூட்ஸும் கம்பளிக் காலுறையும் வாங்கி, பயிற்சி முழுவதையும் அவற்றுடனேயே செய்க. பருத்தி உடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று குளிரில் உடற்சூட்டைப் பறிக்கும். உடலை ஒட்டி அணிவது கம்பளியாக இருக்கட்டும். பனியின் ஒளி கண்ணைக் கெடுக்காதிருக்கக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

இனிச் சொல்லப்போவதே முக்கியமானது. மேற்கூறிய பயிற்சிகள் யாவும் காலுக்கும் மூச்சுக்கும் உரியவை. உயர நோயை இவை தடுக்கமாட்டா. நன்கு பயின்ற இளைஞர் தம் வலிமையை நம்பி விரைந்து ஏறி, மெல்ல வரும் முதியவருக்கு முன்பே நோயுறுவதும் உண்டு. இந்நோய்க்கு மருந்து காலமே. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின் ஓர் இரவு உறங்கிய இடத்துக்கும் மறுநாள் உறங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு இருத்தல் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஏறாமல் தங்குதல் வேண்டும். 760 மீட்டரில் உள்ள பேஸிஸஹரிலிருந்து 3,540 மீட்டரில் உள்ள மனாங் பக்கம்வரை இன்று ஜீப் செல்கிறது. சாலை வந்ததால் யாத்திரை எளிதாயிற்று என்பர். ஆபத்தும் எளிதாயிற்று என்பது அடியேன் எண்ணம். சாமே, பிஸாங் ஆகிய ஊர்களில் தங்கி நடந்து, மனாங்கில் இரண்டு இரவுகள் கழித்து, யாக் கர்க்கா, தோரோங் பேடி என்று படிப்படியாக ஏறுவதே முறை. போக்ராவிலிருந்து வண்டியில் ஒரே நாளில் முக்திநாத் சென்று இரவு தங்கும் முதியோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ சேர்ந்தால் மேலே ஒரு அடியும் வைக்கலாகாது. ஐயமிருந்தால், தரையில் ஒரு கோட்டின்மேல் குதிகாலை விரலோடு ஒட்டவைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும், அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நள்ளிரவாயினும் துணையோடு உடனே கீழிறக்குக. அஸெட்டஸோலமைடு என்னும் மாத்திரையை வைத்தியர் சொன்னால் மட்டுமே உட்கொள்க. அதை நம்பி வேகத்தைக் கூட்டலாகாது.

ஏகாதசி உபவாஸமுடையோர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கணவாயைக் கடக்கும் நாள் அன்று அமையாதபடி புறப்பாட்டைக் குறித்துக்கொள்வது நலம். அவ்வுயரத்தில் நீரின்றி நடப்பது பேராபத்து. நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் பருகியாக வேண்டும். நியமம் பற்றிய ஐயங்களைத் தத்தம் ஆசார்யனிடம் முன்பே விண்ணப்பித்துத் தெளிக. வழிச் சத்திரங்களில் சோறும் பருப்பும் தாராளமாகக் கிடைக்கும். பூண்டு வெங்காயம் விலக்குவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஏற்ற காலம். அப்போதும் வானிலையை விசாரியாமல் கணவாய்க்கு ஏறலாகாது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம், இரண்டு நாட்களில் இமயத்தை அடைந்து பெரும்பனியாகப் பொழிந்தது. தோரோங் உள்ளிட்ட மலைப்பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் வங்கக் கடலில் புயல் என்று கேட்டால் மனாங்கிலேயே தங்கிவிடுங்கள். இதற்கென்று இரண்டு மூன்று நாட்களைத் திட்டத்தில் மிகையாக வைத்துக்கொள்க.

முக்திநாத்தை அடைந்த மாலையே 108 தாரைகளிலும் நீராட விரைதல் வேண்டாம். அந்நீர் பனிநீர். இரவு உறங்கி, மறுநாள் வெயில் ஏறியபின் துணையோடு நீராடி, உடனே உலர்ந்த ஆடை உடுத்து, சூடாக ஏதேனும் பருகி ஸேவிக்கச் செல்லலாம். திரும்பும் வழியில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பின் கடுங்காற்று எழும். ஜோம்ஸோமிலிருந்து விமானங்கள் காலையிலேயே புறப்படுவது அதனால்தான்.