தங்கம் தியேட்டர் சொல்லும் கட்டடப் பாடம்



மணியாச்சி ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறி மதுரைக்குப் படம் பார்க்கப் போன கதையை எங்க தாத்தா அடிக்கடி சொல்லுவார். பாதி படக்கதை, மீதி தியேட்டர் கதை. "உள்ள போனா ஒரு ஊரே உக்காந்திருக்கும்லே!" என்பார். அதுதான் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டர்.

1952 தீபாவளிக்கு, சிவாஜியின் முதல் படமான 'பராசக்தி'யோடு திறந்தார்கள். இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்த நம் கரிசல்காட்டு ஜனங்களுக்கு அது அரண்மனைதானே!

இத்தனை பேருக்கு ஒரு கொட்டகை கட்டுவதென்றால் சும்மாவா? சிவில் மாணவன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

1. திரை தெரியுமா? கடைசி வரிசைக்காரர் கண்ணிலிருந்து திரையின் அடிவிளிம்புக்குப் போகும் கோடு, முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே போக வேண்டும். தரைச்சரிவு அதற்காகத்தான்.

2. பாரத்தை எது தாங்கும்? நடுவில் தூண் வைத்தால் படம் மறைக்கும். ஆகவே கூரைக்கு நீண்ட டிரஸ், பால்கனிக்கு கான்டிலீவர். கான்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம் வரும். முக்கியக் கம்பியைக் கீழே போட்டால் பால்கனியும் கீழே வந்துவிடும்!

3. வசனம் கேட்குமா? சபைன் சூத்திரம்: எதிரொலி நேரம் = 0.16 × கன அளவு ÷ ஒலி உறிஞ்சும் அளவு. 15,000 கன மீட்டர் அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சும் அளவு 800 சதுர மீட்டர் என்றால் 3 விநாடி. ஒரு சொல்மேல் இன்னொரு சொல் ஏறும். அதுவே 1,600 என்றால் 1.5 விநாடிதான். மனித உடம்பும் உடுப்பும் நன்றாக ஒலியை உறிஞ்சும். ஹவுஸ்ஃபுல் ஆனால் முதலாளிக்கு மட்டுமா லாபம்? வசனத்துக்கும்தான்!

அந்தத் தங்கம் இன்று இல்லை. மூடி, இடித்து, அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்டது. தாத்தா சொன்ன கதை என்னிடம் இருக்கிறது. சரிவு எத்தனை, பால்கனி நீட்டம் எத்தனை என்று அளந்து பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உங்க ஊரிலும் பழைய தியேட்டர் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். டேப்பும் டம்பி லெவலும் எடுத்துப்போய் அளந்து, பிளானும் செக்ஷனும் வரைந்து வையுங்கள். புராஜெக்டுக்கு மார்க்கும் கிடைக்கும். நாளை புல்டோசர் வந்தாலும் கட்டடம் காகிதத்திலாவது நிற்கும்.