கடலுக்கு வேலி போட்டால் வெயில் நிற்குமா?

மன்னார் வளைகுடாவை 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். அப்புறமும் பவளப்பாறை வெளுத்துப்போகிறது என்கிறார்களே, பிறகு பாதுகாப்பு எதற்கு?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

உங்கள் கேள்வி நியாயம்தான். வனத்துறை பலகையைப் பார்த்து வெயில் ஒதுங்கிப் போகாது. கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானால், பவள உயிரி தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் உணவின் பெரும்பகுதியும் அந்தப் பாசி தந்தவை. அதனால்தான் அது வெளுக்கிறது. 2010, 2016 கோடைகளில் இங்கே இது பெரிய அளவில் நடந்தது.

ஆனால் வெளுத்ததெல்லாம் செத்ததல்ல. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் தேறும். நோஞ்சான் உடம்பைக் காய்ச்சல் சாய்த்துவிடும். திடமான உடம்பு எழுந்து உட்காரும். பவளத்தை வெட்டாமல், இழுவலையும் சாக்கடையும் அண்டாமல் பார்த்துக்கொள்வது அந்தத் திடத்துக்காகத்தான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டித் தள்ளினோம். இங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதில் அதற்கும் பங்குண்டு.

இப்போது பூங்கா நிர்வாகம் என்றால் ரோந்து மட்டுமல்ல. உங்கள் ஊருக்கு எதிரேயுள்ள வான் தீவைச் சுற்றி, அலையின் வேகத்தைத் தணிக்கத் துளையிட்ட கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கியிருக்கிறார்கள். மீன்கள் அவற்றில் குடியேறுகின்றன. உயிருள்ள பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நடுகிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: படகில் போனால் பாறைமேல் நங்கூரம் போடவிடாதீர்கள், யாராவது பவளத்தை விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் பவளத்துக்கும் புலிக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு. ஷோகேஸில் அழகாக வைக்கப் போய், கோர்ட் வாசலில் நிற்க வேண்டிவரும்!