ரோமன் எழுத்தில் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும்

திருப்பதியில் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்திலோ, சித்தூரில் வீட்டிலிருந்தோ ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் கவனத்துக்கு: சமஸ்கிருத, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது மேற்கோடு விட்டுப்போனால் நெடில் குறிலாகும், கீழ்ப்புள்ளி போனால் டகரம் தகரமாகும். சாதாரண அமெரிக்கக் கீபோர்டே போதும்.

உபுண்டுவில் செட்டிங்ஸ், கீபோர்டு பகுதியில் ‘கம்போஸ் கீ’யாக வலப்பக்க ஆல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அதை ஒருமுறை தட்டி விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்து அடிக்கோடு, பின் ‘ஏ’ அடித்தால் ஆகார நெடில். அடிக்கோட்டுக்குப் பதில் ஆச்சரியக்குறி அடித்து ‘என்’ தட்டினால் ணகரம், ‘எஸ்’ தட்டினால் ஷகரம். கேரக்டர் மேப்பில் ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். கை சீக்கிரம் பழகிவிடும்.

ஆழ்வார் பெயர்களுக்கு ழகரம் வேண்டுமே! லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் யு, கூட்டல் குறி, 1, இ, 3, பி என்று இடைவெளியின்றி அடித்து, இடப்பக்க ஆல்ட்டுடன் ‘எக்ஸ்’ அழுத்துங்கள். ‘பி’ என்பது ஏ, பி, சியில் வரும் ‘பி’. றகரத்துக்கு 3, பி இடத்தில் 5, எஃப். குறி கட்டமாகத் தெரிந்தால் சாரிஸ் எஸ்ஐஎல் எழுத்துருவுக்கு மாறுங்கள்; இலவசம்தான்.