திகில் குறும்படம்: யாருக்காக? யாரைப் பற்றி?

கற்றல் நோக்கங்கள்

• ஒரு திகில் குறும்படம் எத்தகைய பார்வையாளரை எண்ணி எடுக்கப்பட்டது என்பதைக் கண்டறிதல்.
• படத்தில் பதின்பருவத்தினர் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பதைச் சான்றுடன் மதிப்பிடுதல்.
• மதிப்புரையைத் தெளிவான தமிழில் எழுதுதல்.

1. பாட்டியின் கதையும் திரைப்படமும்

திகில் திரைப்படத்தின் மூதாதை பேய்க்கதை. இரவு உணவிற்குப் பின் பாட்டி கதை சொல்லும்போது எதிரில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை நன்கு அறிவார். ஐந்து வயதுக் குழந்தை இருந்தால் பேய் புளியமரத்தடியிலேயே நின்றுவிடும்; வளர்ந்த பிள்ளைகள் மட்டும் இருந்தால் அது வீட்டு வாசல்வரை வரும். குழந்தையின் முகம் வாடினால் கதையின் போக்கும் உடனே மாறும்.

திரைப்படம் எடுப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. பார்வையாளர் அவர் கண்முன் இல்லை. படம் முடிந்தபின் போக்கை மாற்றவும் இயலாது. ஆகவே, படம் யாருக்கு என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

இக்காலத்தில் கைப்பேசியின் துணையால் பள்ளி மாணவர்களும் குறும்படம் எடுக்கின்றனர். அவர்களுள் பலர் திகில் கதையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய அரங்கமோ விலையுயர்ந்த உடைகளோ தேவையில்லை. ஒரு பழைய கட்டடம், சிறிது இருட்டு, கதவின் ஓசை, நான்கு நண்பர்கள் போதும். இவ்வாறு எளிதாகத் தோன்றுவதனாலேயே இரண்டு வினாக்கள் கேட்கப்படாமல் போகின்றன. படம் யாருக்காக எடுக்கப்பட்டது? அதில் வரும் மாணவர்கள் உண்மையான மாணவர்களை ஒத்திருக்கின்றனரா?

2. பார்வையாளர் யார்?

இந்தியாவில் திரையரங்குகளில் பொதுமக்களுக்குக் காட்டப்படும் படங்களுக்கு 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி சான்றிதழ் வழங்கப்படுகிறது. ‘யு’ சான்றிதழ் பெற்ற படத்தை அனைவரும் காணலாம். ‘ஏ’ சான்றிதழ் பெற்றது 18 வயது நிறைந்தோருக்கு மட்டும் உரியது. இடைப்பட்ட ‘யுஏ’ பிரிவு 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 7, 13, 16 என்னும் மூன்று வயதுப் படிகளாகப் பகுக்கப்பட்டது. ஏழு வயதுக் குழந்தையின் அச்சமும் பதினாறு வயது மாணவரின் அச்சமும் ஒன்றல்ல என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

படத்தில் வருவோர் பதின்பருவத்தினர் என்பதனால் மட்டும் பார்வையாளரும் அவர்களே ஆகிவிடமாட்டார்கள். 1978ஆம் ஆண்டு ஜான் கார்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ என்னும் அமெரிக்கப் படத்தில் பள்ளி மாணவியரே முதன்மை மாந்தர். ஆயினும், அதன் வன்முறைக் காட்சிகள் சிறுவர்க்கு உரியன அல்ல. மாணவர்களைப் பற்றிய படம், மாணவர்களுக்கான படம் ஆகிய இரண்டும் வேறு வேறு.

பார்வையாளரை நன்கு அறிந்து எடுக்கப்பட்ட படத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு, 1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’. டேனியல் மைரிக், எட்வர்டோ சாஞ்செஸ் ஆகிய இருவர் மிகக் குறைந்த செலவில் இதனை எடுத்தனர். ஆவணப்படம் எடுப்பதற்காகக் காட்டிற்குள் சென்ற மாணவர் மூவர் காணாமல் போயினர் என்றும், அவர்களுடைய ஒளிப்பதிவு மட்டும் கிடைத்தது என்றும் கதை அமைந்தது. அப்போது இணையம் புதிது. படத்திற்கென அமைக்கப்பட்ட இணையதளம் அந்நிகழ்ச்சியை உண்மைபோல் காட்டியது. அதனைப் பலர் நம்பினர். படத்தில் பேய் ஒருமுறையேனும் தெளிவாகக் காட்டப்படவில்லை. காணாததைக் கற்பனை செய்துகொள்ளும் பார்வையாளரின் மனமே அங்கு அச்சத்தை உண்டாக்கியது. கன்னடத்தில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘6-5=2’ என்னும் படமும், மலையேறச் சென்ற இளைஞர்களின் ஒளிப்பதிவு கிடைத்தது போன்ற இம்முறையைப் பின்பற்றியதாகும்.

3. பதின்பருவத்தினரின் உருவம்

‘ஹாலோவீன்’ படத்திற்குப் பின் வந்த பல படங்கள் ஒரே வார்ப்பில் அமைந்தன. மூத்தோர் சொல் கேளாதவர் முதலில் இறப்பர். அழகில் நாட்டமுடைய பெண் அடுத்து இறப்பாள். அடக்கமான பெண் ஒருத்தி மட்டும் இறுதிவரை நின்று பிழைப்பாள். கேரல் குளோவர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இவளுக்கு ‘இறுதிப் பெண்’ என்று பெயரிட்டார். 1996ஆம் ஆண்டின் ‘ஸ்க்ரீம்’ படத்தில் வரும் மாணவர்கள் இவ்விதிகளைத் தாங்களே எடுத்துரைத்து நகையாடுகின்றனர்.

இவ்வார்ப்பில் மறைந்திருக்கும் கருத்து யாது? பதின்பருவத்தினர் அறிவற்றவர்கள், அவர்களுக்கு நேரும் துன்பம் அவர்கள் செய்த பிழைக்கான தண்டனை. பெரியவர்கள் எடுத்த படத்தில் இக்கருத்து இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். மாணவர்களே எடுக்கும் படத்திலும் இதே கருத்து இடம்பெறுமானால், அவர்கள் தம்மைப் பற்றிப் பிறர் சொன்ன பழியைத் தம் வாயாலேயே சொன்னவர் ஆகின்றனர்.

வேறு வழி உண்டா? அதற்கு மைசூருவிலேயே சான்று உள்ளது. ஆங்கில எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1906ஆம் ஆண்டு சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் மைசூருவில் தலைமையாசிரியராகப் பணியாற்றியமையால் இந்நகருக்கு வந்தவர். யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகிறது. ‘ஒரு வீரன்’ என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய சிறுகதையில், சுவாமி என்னும் சிறுவன் பாட்டியின் அருகில் படுத்து உறங்குபவன். துணிவைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, தந்தை அவனைத் தம் அலுவலறையில் தனியே உறங்கச் செய்கிறார். நள்ளிரவில் இருளில் அசையும் உருவத்தைப் பேய் என்று அஞ்சிய சுவாமி, அதன் காலைப் பற்றிக் கடித்துவிடுகிறான். வந்தவன் திருடன். மறுநாள் ஊரே சுவாமியைப் பாராட்டுகிறது. அன்றிரவோ அவன் மீண்டும் பாட்டியின் அருகிலேயே படுத்துக்கொள்கிறான்.

இங்குச் சிறுவன் கோழையாகவும் காட்டப்படவில்லை, வீரனாகவும் காட்டப்படவில்லை. அச்சமும் செயலும் அவனிடத்தில் ஒருங்கே உள்ளன. அவன் அஞ்சியதற்காகக் கதை அவனைத் தண்டிக்கவில்லை. ஆதலின், படிப்பவர் அவனைக் கண்டு நகைப்பினும் இகழ்வதில்லை.

4. பேய் பேசும் மொழி

மதிப்பிடுவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, படத்தில் யார் எந்த மொழி பேசுகிறார் என்பது. 1993ஆம் ஆண்டு ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தில், பழிவாங்கும் நாகவல்லி தஞ்சாவூரைச் சேர்ந்த நடனப்பெண். அவள் பேசுவது தமிழ். இக்கதை 2004ஆம் ஆண்டு ‘ஆப்தமித்ரா’ என்று கன்னடத்திலும், 2005ஆம் ஆண்டு ‘சந்திரமுகி’ என்று தமிழிலும் வெளிவந்தது. இரண்டையும் பி. வாசு இயக்கினார். இரண்டிலும் நடனப்பெண்ணின் மொழி தெலுங்கு. 2007ஆம் ஆண்டு வந்த ‘பூல் புலையா’ என்னும் இந்திப் படத்தில் அவள் வங்காளம் பேசினாள்.

ஒவ்வொரு மொழியிலும் பேய் அயல்மொழியையே பேசியது. புரியாத மொழி அச்சத்தை மிகுவிக்கும் என்பது கலைஞர் அறிந்த உத்தி. கதைப்படி அந்நடனப்பெண் அரசனால் கொடுமைக்கு உள்ளானவள் என்பதனால், பார்வையாளருக்கு அவள்மீது இரக்கமும் தோன்றுகிறது. ஆனால், இவ்விரக்கம் இல்லாமல் உத்தியை மட்டும் கடன்வாங்கினால், ‘அயல்மொழி பேசுபவர் அஞ்சத்தக்கவர்’ என்னும் எண்ணமே எஞ்சும். பெற்றோரின் பணி காரணமாக வேற்று மாநிலத்தில் வளரும் மாணவர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வர். ஓர் ஊரில் தாய்மொழியாக இருப்பது, எல்லை கடந்ததும் அயல்மொழி ஆகிவிடுகிறது.

5. ஒரு கதையை மதிப்பிடுதல்

கீழ்க்காணும் கற்பனைக் கதைச்சுருக்கத்தைக் கருதுக.

மைசூருவில் படிக்கும் நான்கு மாணவர்கள், தேர்வு முடிந்த மாலையில் சாமுண்டி மலையடிவாரத்தில் பூட்டிக் கிடக்கும் பங்களாவிற்குள் நுழைகின்றனர். தடுத்த காவலாளியை எள்ளி நகையாடுகின்றனர். தன்னையே படமெடுத்துக்கொண்டிருக்கும் மாணவி முதலில் மறைகிறாள். கண்ணாடி அணிந்த மாணவன் அலறுகிறான். தமிழ் பேசும் மாணவன் கன்னடச் சொற்களைத் தவறாக ஒலிக்கிறான். அவையோர் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அவன் படைக்கப்பட்டுள்ளான். உடல்வலிமை மிக்க மாணவன் மட்டும் தப்புகிறான். படம் பள்ளி ஆண்டுவிழாவில் திரையிடப்பட உள்ளது.

பார்வையாளர்: ஆண்டுவிழாவிற்கு ஆறாம் வகுப்புச் சிறுவர் முதல் பெற்றோர், தாத்தா, பாட்டியர் வரை வருவர். மாணவி மறையும் காட்சி மிகக் கொடியதாயின் சிறுவர் அஞ்சி அழுவர். பேய் அடிக்கடி தோன்றினால் மூத்த மாணவர் சிரிப்பர். ஒலியாலும் நிழலாலும் உணர்த்துதல் இருசாராருக்கும் ஏற்றதாகும்.

பதின்பருவத்தினர்: நால்வரும் ஏன் உள்ளே நுழைந்தனர் என்பதற்குக் காரணம் இல்லை. ‘பதின்பருவத்தினர் அப்படித்தான்’ என்பதே காரணமாக நிற்கிறது. தொலைந்த தம்பியைத் தேடியோ, மழைக்கு ஒதுங்கியோ நுழைந்திருந்தால் பார்வையாளரின் மனம் அவர்களோடு செல்லும். மாணவிக்குத் தன்னைப் படமெடுப்பதைத் தவிர வேறு செயல் இல்லை. அவளுடைய கைப்பேசியில் பதிந்த காட்சியே மற்றவர்க்கு வழிகாட்டுமானால் அவள் உயிருள்ள மாந்தர் ஆவாள்.

மொழி: தமிழ் மாணவனின் பிழையைக் கண்டு ஒருமுறை சிரிப்பது நட்பு, அதற்காகவே அவனைப் படைப்பது இகழ்ச்சி. மைசூரு மாவட்டத்துத் தலக்காட்டுப் பகுதியில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கதைக்களத்தை அங்கு மாற்றி, கல்லில் உள்ள எழுத்துகளுள் சிலவற்றை அவன் அடையாளம் காண்பதாகவும், கன்னட நண்பர் கேட்டறிந்த ஊர்க்கதை மீதியை விளக்குவதாகவும் அமைக்கலாம். அலமேலம்மா இட்ட சாபத்தால் தலக்காடு மணலில் மூழ்கியது என்னும் பழங்கதை மைசூரு மக்கள் அறிந்ததே. அவ்வாறு அமைந்தால் இரு மொழிகளும் கதைக்குத் தேவையாகும். ஒன்று நகைப்பிற்கும் மற்றொன்று பெருமைக்கும் என்னும் பிரிவு நீங்கும்.

6. மதிப்புரை எழுதும் முறை

மதிப்புரை என்பது பழிப்பும் அன்று, புகழ்ச்சியும் அன்று. ‘படம் நன்று’ என்னும் தொடர் எடுத்தவருக்கு எதையும் கற்பிப்பதில்லை. ‘கதவு திறக்கும் காட்சியில் இசை நின்றமையால் அச்சம் மிகுந்தது’ என்னும் தொடர் கற்பிக்கிறது. கருத்து, அதற்குரிய காட்சி, அது நிகழ்ந்த விதம் ஆகிய மூன்றும் அமைதல் வேண்டும்.

பார்வையாளரின் கருத்தைக் கேட்கும்போது, ‘பயமாக இருந்தது அல்லவா?’ என்று கேட்டல் தவறு. வினாவிலேயே விடை ஒளிந்துள்ளது. ‘எந்தக் காட்சியில் உங்கள் மனம் மாறியது? எவ்வாறு மாறியது?’ என்று கேட்டல் முறை. படம் ஓடும்போது திரையைப் பாராமல் பார்வையாளரின் முகங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தலும் நன்று. எவர் எப்போது கண்ணை மூடினார், எவர் எப்போது சிரித்தார் என்னும் குறிப்பே மதிப்புரைக்கு உறுதியான சான்று.

அருஞ்சொற்பொருள்

பதின்பருவத்தினர் – பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோர்
வார்ப்பு – மாறாத ஒரே அமைப்பு
மாந்தர் – கதையில் வருவோர்
எள்ளுதல் – இகழ்தல்
உத்தி – கலைநுட்ப வழி
எஞ்சும் – மீதமாகும்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. ‘யுஏ’ பிரிவின் மூன்று வயதுப் படிகள் யாவை?
2. ‘மணிச்சித்திரத்தாழ்’, ‘சந்திரமுகி’ ஆகிய படங்களில் நடனப்பெண் பேசும் மொழிகள் யாவை?
3. சுவாமி இருளில் கடித்தது யாரை?

ஆ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.
1. மாணவர்களைப் பற்றிய படமும் மாணவர்களுக்கான படமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. சுவாமியின் கதை அவனை இகழாமல் காட்டுவது எவ்வாறு?

இ. பிரித்து எழுதுக.
பேய்க்கதை, புளியமரம், வேற்றுமொழி, கதைக்களம்

ஈ. சிந்தித்து எழுதுக.
மைசூருவில் எடுக்கப்படும் ஒரு கன்னடக் குறும்படத்தில் தமிழ் மாணவர் ஒருவர் வருகிறார். தமிழ்நாட்டில் எடுக்கப்படும் ஒரு தமிழ்க் குறும்படத்தில் கன்னட மாணவர் ஒருவர் வருகிறார். இருவரையும் ஒரே நேர்மையுடன் காட்டுவதற்கு நீங்கள் வகுக்கும் விதிகள் மூன்றினை எழுதுக.

உ. செயல்பாடு
நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, மூன்று நிமிடத் திகில் குறும்படத்திற்கான கதைச்சுருக்கம் எழுதுக. அதன் தலைப்பிற்குக் கீழே ‘இப்படம் இவர்களுக்கு’ என ஒரு தொடர் சேர்க்க. பின்னர் வேறொரு குழுவின் கதைச்சுருக்கத்தைப் பெற்று, பார்வையாளர், பதின்பருவத்தினர், மொழி ஆகிய மூன்று தலைப்புகளில் மதிப்புரை வரைக. ஒவ்வொரு குறைக்கும் ஒரு மாற்றம் கூறுக.